ஓடையும் ஏரியும் ஊரார் பொறுப்பு

ஓர் ஊரின் செல்வம் யாதென்று வினவினால், விவசாயி தம் நிலத்தைக் காட்டுவார். நெசவாளி தம் தறியைக் காட்டுவார். நிலமும் தறியும் ஒருங்கே நம்பி நிற்கும் செல்வம் ஒன்று உண்டு. ஊரோரமாக ஓடிவரும் ஓடையும், அவ்வோடை வந்து நிறையும் ஏரியுமே அச்செல்வம். நாற்றங்கால் விடவும் நடவு செய்யவும் உழவருக்கு நீர் வேண்டும். நூலைப் பக்குவப்படுத்தவும், சாயம் ஏற்றவும், பாவுக்குக் கஞ்சி போடவும் நெசவாளருக்கு நல்ல நீர் வேண்டும். உப்புக் கரித்த நீரில் பயிரும் செழிக்காது; சாயமும் ஒழுங்காகப் பிடிக்காது. ஆகவே ஓடையின் நலம் கெடுமாயின் இவ்விரு தொழிலும் ஒருசேரக் கெடும் என்பதில் ஐயமில்லை.

இத்தகைய செல்வத்தைக் காப்பது யார்? வீட்டுக் கூரை ஒழுகினால் வீட்டுக்குடையவர் உடனே ஓடு மாற்றுகிறார். ஏரிக்கரை கசிந்தால் இலாகா பார்த்துக்கொள்ளும் என்கிறோம். வரத்துக்கால் தூர்ந்தால் பஞ்சாயத்து பார்த்துக்கொள்ளும் என்கிறோம். யாவர்க்கும் உரியது யாருடைய கவனத்திலும் நில்லாமல் போகிறது. இந்நிலை மாற வேண்டுமாயின் ஊர்மக்கள் தாமே கூடிப் பொறுப்பேற்பது ஒன்றே வழியாகும். அவ்வாறு பொறுப்பேற்று வென்ற ஊர்கள் சிலவற்றையும், பொறுப்புத் தவறியதால் விளைந்த பெருந்துன்பம் ஒன்றையும் சங்க அங்கத்தினர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏரி வாரியமும் குடிமராமத்தும்

ஊர்கூடி நீர்நிலை காப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பெரிதும் பேசப்படுகின்றன. அவ்வோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று என்பது நாம் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. ஏரியைப் பராமரிப்பதற்கென்றே ஊரார் தமக்குள் ஆட்களைத் தேர்ந்து, காலவரையறையும் தகுதியும் விதித்து, பொறுப்பை ஒப்படைத்தனர். கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கும் அதற்கும் அடிப்படையில் வேற்றுமை அதிகமில்லை.

பிற்காலத்தில் இவ்வழக்கம் குடிமராமத்து என்னும் பெயரால் நிலைத்தது. மழைக்கு முன்பு வீட்டுக்கு ஓர் ஆளாகத் திரண்டு வரத்துக்காலைச் செதுக்குவதும், மடையைச் செப்பனிடுவதும், வண்டல் எடுத்துத் தத்தம் வயலில் இடுவதும் கட்டாயக் கடமைகளாகக் கருதப்பட்டன. நீரை முறைவைத்துப் பாய்ச்ச நீர்க்கட்டி என்னும் ஊழியர் இருந்தார். அறுவடையின்போது களத்திலேயே அவருக்குரிய பங்கு அளக்கப்பட்டது. ஆங்கில அரசாங்கமும் 1858-ஆம் ஆண்டில் ஒரு சட்டமியற்றி இவ்வழக்கத்தை ஒப்புக்கொண்டது.

ஆயினும் அரசாங்க இலாகாக்கள் வளர வளர ஊரார் பங்கு குறைந்தது. பின்னர் பம்புசெட்டுக் கிணறுகள் பெருகின. தம் கிணற்றில் நீர் இருக்கும்வரை ஏரியைப் பற்றிக் கவலை எதற்கு என்ற எண்ணம் பரவிற்று. அக்கிணற்றுக்கு ஊற்றுத் தருவதே ஏரிதான் என்பதை மறந்தோம். தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. இத்தனையையும் ஊரார் துணையின்றி எந்த இலாகாவும் காத்துவிட இயலாது. இதனை உணர்ந்தே 2017-ஆம் ஆண்டில் மாநில அரசு குடிமராமத்து என்னும் பழம்பெயராலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கி, வேலைச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுதாரர் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ அளிக்க வேண்டுமென்று விதித்தது.

வேடந்தாங்கல் காட்டிய கணக்கு

உத்திரமேரூருக்கு அணித்தே, மதுராந்தகம் வட்டாரத்தில், வேடந்தாங்கல் என்னும் சிற்றூர் உளது. அங்குள்ள ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். ஏரிக்குள் நீரில் நிற்கும் மரங்களின்மீது ஆண்டுதோறும் மழைக்காலத்தில் பல்லாயிரம் நீர்ப்பறவைகள் வந்து கூடு கட்டுகின்றன. நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, கொக்கு எனப் பல இனங்கள் அடுக்கடுக்காய் அமர்ந்திருக்கும் காட்சி காண்பார்க்கு வியப்பூட்டும்.

இவ்வூரார் பறவைகளைக் காக்கத் தொடங்கியது வெறும் இரக்கத்தினால் மட்டும் அன்று. அதில் நுட்பமான விவசாயக் கணக்கு ஒன்று அடங்கியிருந்தது. பறவைகளின் எச்சம் இடையறாது ஏரியில் விழுகிறது. அவ்வெச்சத்தில் பயிருக்கு வேண்டிய தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. மடை திறந்தால் நீரோடு உரமும் வயலுக்குப் பாய்கிறது. தம் ஏரிப் பாசனத்தில் விளைச்சல் மிகுவதை உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்திருந்தனர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலச் சிப்பாய்கள் இங்கு வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் அஞ்சி ஒதுங்கவில்லை. அக்காலத்துக் கலெக்டராயிருந்த லயனெல் பிளேஸ் என்பவரிடம் சென்று முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்து வடிவில் பெற்றனர். 1858-ஆம் ஆண்டில் அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டில் வந்தது 1972-ஆம் ஆண்டிலேதான். சட்டத்துக்கு ஏறத்தாழ நூற்று எழுபது ஆண்டுகட்கு முன்பே ஒரு சிற்றூரின் உழவர்கள் அதன் கருத்தை உணர்ந்து செயற்பட்டனர் என்பது எண்ணி எண்ணிப் பெருமை கொள்ளத்தக்கது. 2022-ஆம் ஆண்டில் வேடந்தாங்கல் ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலையாக அறிவிக்கப்பட்டது.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி ஆகிய ஊர்களின் கண்மாய்களிலும் இவ்வாறே பறவைகள் வந்து தங்குகின்றன. தீபாவளிக் காலமே பறவைகள் முட்டையிட வந்து சேரும் காலமாகும். ஆகையால் இவ்வூரார் பல்லாண்டுகளாக வெடி வெடிப்பதையே விட்டுவிட்டனர். திருவிழாவிலும் ஒலிபெருக்கியின் ஓசையை அடக்குகின்றனர். வெடிக்காக ஏங்கும் குழந்தைகளுக்கு அவ்வூர்ப் பெற்றோர் சமாதானம் சொல்லும் திறத்தை நினைத்துப் பார்த்தால், இயற்கையைக் காப்பது எத்துணை அன்றாடமான, வீட்டளவிலான ஒழுக்கம் என்பது விளங்கும். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திலோ பறவைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டுகின்றன. எச்சத்தையும் இரைச்சலையும் மக்கள் பொருட்படுத்துவதில்லை. பறவை வந்தால் மழை வரும், விளைவு பெருகும் என்பது அவர்கள் நம்பிக்கை.

நொய்யல் பட்ட துயரம்

இனி மறுபக்கத்தையும் நோக்குவோம். நெசவுத் தொழிலோடு தொடர்புடையவர் யாவரும் இதனை மனந்திறந்து சிந்திக்க வேண்டும்.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யலாறு, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியாக 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் காவிரியில் கலக்கிறது. அதன் கரையில் பருத்தித் தொழில் ஓங்கிற்று. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி பெருகப் பெருகச் சாயச்சாலைகளும் சலவைச்சாலைகளும் நூற்றுக்கணக்கில் தோன்றின. பல்லாயிரம் குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது. வறண்ட பூமியிலிருந்து வந்தோர் பலர் அங்கு வாழ்வு பெற்றனர். இவையெல்லாம் மறுக்க முடியாத நன்மைகள்.

ஆனால் பருத்தி நூலில் சாயம் ஊன்றி நிற்க ஏராளமான உப்பு வேண்டும். சாயம் நூலில் ஏறிவிடும். உப்போ நீரிலேயே தங்கிவிடும். சுண்ணாம்பு இட்டு நிறத்தை ஓரளவு வண்டலாகப் படியவைக்கலாம். உப்பு அவ்வாறு படிவதில்லை. பார்வைக்குத் தெளிந்த நீராயினும் அதில் உப்பு கரைந்தே இருக்கும். அந்நீர் நாள்தோறும் ஆற்றில் கலந்தது. உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்து, நீர் இறங்காதபடி நிலத்தை இறுக்கிவிடும். கிணறுகள் கரித்தன, தென்னைகள் குரும்பை உதிர்த்தன, நெல்லும் மஞ்சளும் விளைந்த வயல்கள் தரிசாயின.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் பாசனத்திற்காக ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பட்ட அணை 1992-ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. உழவரின் பல்லாண்டு வேண்டுகோளின் பயனாக எழுந்த அவ்வணை, சில ஆண்டுகளுக்குள் சாயக் கழிவுநீர் தேங்கும் குட்டையாக மாறியது. எந்த நீருக்காக அணை கேட்டார்களோ, அந்த நீரை வயலுக்கு விட வேண்டாம் என்று அவர்களே தடுக்கும் நிலை வந்தது. இதைவிடக் கொடிய சோதனை உழவருக்கு வேறென்ன இருக்க முடியும்?

அவர்கள் கலகம் விளைவிக்கவில்லை; சங்கம் கண்டனர். நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் உயர்நீதிமன்றத்தை அணுகிற்று. இழப்பை மதிப்பிடும் ஆணையம் 68 கிராமங்களில் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் நட்டஈடு வகுத்தது. 2006-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் சாயச்சாலைகளுக்குக் கடும் நிபந்தனைகள் விதித்தது. கெடுத்தவரே சீர்படுத்தும் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை 2009-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றமும் நிலைநாட்டிற்று. பின்னரும் கழிவு நிற்காமையால், 2011-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள், கழிவுநீரை அறவே வெளியேற்றாத நிலையை எய்தும்வரை சாய, சலவைச்சாலைகள் யாவும் மூடப்பட வேண்டுமென்று உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

அன்று உழவர் பெற்றது நீதி. ஆயினும் அதன் சுமையை முதலாளிகள் மட்டும் சுமக்கவில்லை. சாயத் தொட்டியருகே நின்று கூலி பெற்ற தொழிலாளி வேலையிழந்தான். ஆற்றைக் கெடுத்த முடிவுகளை எடுத்தபோது அவனை யாரும் கலந்து பேசவில்லை; ஆலை மூடியபோது முதலில் பசித்தவன் அவனே. மேல்மடையில் இருப்பவரும் கீழ்மடையில் இருப்பவரும் தக்க காலத்தில் ஒரே பாயில் அமர்ந்து பேசியிருந்தால், நீதிமன்றத்திற்கு வேலையே இருந்திராது. இரு சாராரும் இழந்தபின் கிடைக்கும் தீர்ப்பினும், இழப்பதற்கு முன்பு காணும் உடன்பாடே சிறந்ததன்றோ?

இன்று சவ்வூடு வடிகட்டியும் ஆவியாக்கியும் நீரையும் உப்பையும் பிரித்து, இரண்டையும் மீண்டும் சாயத்தொட்டிக்கே பயன்படுத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அங்கு இயங்குகின்றன. செலவு மிகுந்த முறைதான். தனியொருவரால் தாங்க முடியாதது. பலர் சேர்ந்தே நடத்தக்கூடியது. இதுவும் கூட்டுறவின் இன்றியமையாமைக்குச் சான்றாகும். நொய்யலில் சேரும் நல்லாற்றின் நீரைப் பெறும் நஞ்சராயன் குளம், திருப்பூர் நகரத்துக்கு மிக அணித்தே 125 ஹெக்டேர் பரப்பில் உள்ளது. உள்ளூர்ப் பறவை ஆர்வலர்கள் அங்கு வரும் பறவைகளை ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பதிந்து வந்தனர். அக்குளம் 2022-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024-ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. கெட்ட வட்டாரம் என்று கைவிடத்தக்கது எதுவுமில்லை என்பதற்கு இக்குளமே சான்று.

குன்றைக் காத்த கிராமசபை

நீர்நிலையைக் காப்பது கரையோடு முடிவதன்று. நீர் வரும் குன்றும் புதர்க்காடும் காக்கப்பட வேண்டும். மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் அரிட்டாபட்டியைச் சுற்றிக் குன்றுகள் உள்ளன. குன்றில் பெய்யும் மழை சுனைகளில் தங்கி, ஓடைகளாக இறங்கி, கண்மாய்களை நிரப்புகிறது. லகர் வல்லூறு முதலிய அரிய வேட்டைப் பறவைகள் பாறை இடுக்குகளில் வாழ்கின்றன. தமிழ் பிராமிக் கல்வெட்டும் சமணர் படுக்கையும் குடைவரைக் கோயிலும் அங்குள்ளன. 2022-ஆம் ஆண்டில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதிகளில் 193.42 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

2024-ஆம் ஆண்டு நவம்பரில் இவ்வட்டாரத்தையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டிப் பகுதி டங்ஸ்டன் சுரங்கத்திற்காக மத்திய அரசால் ஏலம் விடப்பட்டது. ஊர்மக்கள் திகைத்தனர், ஆனால் சோர்ந்துவிடவில்லை. கிராமசபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றினர். டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் இயற்றிற்று. 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் மேலூர் வட்டாரத்து மக்கள் பெருந்திரளாக மதுரைக்கு ஊர்வலம் சென்றனர். அம்மாதம் 23-ஆம் நாள் மத்திய அரசு அவ்வேலத்தை ரத்து செய்தது. கிராமசபையின் தீர்மானம் வெறுங்காகிதம் என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை மனத்திற்கொள்ள வேண்டும்.

கடல் கடந்த ஓர் உதாரணம்

ஆஸ்திரேலியாவில் கோதுமை விளைவிக்கவும் ஆடு மேய்க்கவும் மரங்களைப் பெருவாரியாக அழித்தனர். ஆழ வேரோடிய மரங்கள் போனதும் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, அடியில் கிடந்த உப்பை மேலே கொணர்ந்தது. வயல்கள் வெளுத்தன. நொய்யலில் உப்பு மேலிருந்து வந்தது. அங்கே கீழிருந்து வந்தது. விளைவு ஒன்றுதான்.

1986-ஆம் ஆண்டில் விக்டோரியா மாநிலத்தில் வின்ஜாலக் என்ற இடத்தில் பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் குழுவாகக் கூடி, மரம் நடுவதிலும் ஓடைக்கரையைக் காப்பதிலும் இறங்கினர். மாநில அமைச்சர் ஜோன் கெர்னரும், விவசாயிகள் சம்மேளனத் தலைவி ஹெதர் மிட்செலும் இம்முயற்சிக்கு ஆதரவளித்தனர். ‘லாண்ட்கேர்’ என்னும் இவ்வியக்கம் நாடெங்கும் பரவிற்று. ஓர் ஓடையின் இருகரையிலும் நிலமுடையோர் அனைவரும் ஒரே குழுவில் சேர்வதே இதன் உயிர்நாடி. வேலிகள் நிலத்தைப் பிரிக்கலாம். ஓடையைப் பிரிக்க முடியாது.

சிட்னி நகரில் ஜோன், ஐலீன் பிராட்லி என்னும் சகோதரியர் 1960-களில் கண்ட முறையும் நமக்குப் பயன்படும். அயற்செடிகள் அடர்ந்த இடத்தில் முதலில் கை வைக்கலாகாது. இயல்பான செடிகள் நன்கிருக்கும் இடத்திலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக வெளிநோக்கி களையெடுக்க வேண்டும். மண்ணைக் கூடியவரை கிளறலாகாது. நாட்டுச் செடிகள் மீண்டு வரும் வேகத்தை விஞ்சி அழிக்கலாகாது. இவையே அவர்கள் வகுத்த நெறிகள்.

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றை நோக்குமிடத்து, நம் சங்கங்கள் உடனே மேற்கொள்ளத்தக்க பணிகள் சில தெளிவாகின்றன.

முதலாவது, ஓடையை நடந்து பார்த்தல். ஆவணி மாதத்திற்குள் அங்கத்தினர் ஒருநாள் ஒதுக்கி, வரத்துக்காலின் தலைப்பிலிருந்து கலிங்கு வரையில் நடக்க வேண்டும். அடைப்பு எங்கே, ஆக்கிரமிப்பு எங்கே, கரை மெலிந்தது எங்கே என்று குறித்துக்கொள்ள வேண்டும். நெசவாளரும் விவசாயிகளும் சேர்ந்தே நடப்பது நன்று.

இரண்டாவது, நீரைச் சோதித்தல். நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கையடக்கக் கருவி அதிக விலையுடையதன்று. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஊர்க்கிணறுகள் ஐந்தாறைத் தேர்ந்து, மாதந்தோறும் அளந்து, சங்கத்தில் ஒரு பதிவேடு வைத்தால், தீங்கு முற்றுமுன் அறிந்துகொள்ளலாம். வாய்ச்சொல்லால் எழும் சண்டையைப் பதிவேடு தவிர்க்கும்.

மூன்றாவது, சாயநீரைக் கட்டுப்படுத்தல். கைத்தறிக்குச் சாயமிடுவது சிறு அளவே எனினும், வீட்டுக்கு வீடு சாக்கடையில் ஊற்றினால் ஓடை தாங்காது. சாயமிடுதலை ஒரு பொதுச் சாயச்சாலையில் ஒருங்கிணைத்து, கழிவைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்வதே தக்கது. அதன் செலவைத் துணியின் விலையில் நேர்மையாகச் சேர்க்க வேண்டும். கீழ்மடை விவசாயியின் கணக்கில் எழுதலாகாது.

நான்காவது, கரையைப் பசுமையாக்கல். கரையின் வெளிச்சரிவில் பனங்கொட்டை ஊன்றலாம். நீர் மோதும் பக்கத்தில் நொச்சியும் வெட்டிவேரும் மண்ணைப் பிடிக்கும். ஓடையோரத்தில் மருது, நாவல், புங்கம் செழிக்கும். சீமைக்கருவேலத்தை அகற்றுமிடத்துப் பிராட்லி சகோதரியரின் பொறுமையைக் கைக்கொள்ள வேண்டும். பறவைகள் கூடுகட்டியிருக்கும் மாதங்களில் ஏரிக்குள் எந்த மரத்தையும் தொடலாகாது. ஒரே நாளில் யந்திரத்தால் யாவற்றையும் வாரிவிட்டால், கூடும் போகும். வெறுமண்ணில் அதே சீமைக்கருவேலம் முன்னிலும் அடர்த்தியாக முளைக்கும்.

ஐந்தாவது, சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்தல். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, ஊரின் மரஞ்செடி, பறவை, விலங்கு, விதை வகைகளை மக்கள் பதிவேட்டில் எழுத வேண்டும். பெயரளவில் நிற்கும் குழுக்களில் நம் அங்கத்தினர் முன்வந்து பங்குகொள்ளலாம். உலக நீர் நாளாகிய மார்ச் 22-ஆம் நாளும் தமிழ்நாட்டில் கிராமசபை கூடும் நாளாகும். மேற்சொன்ன ஓடைக் குறிப்பையும் நீர்ப் பதிவேட்டையும் அன்று சபையில் வாசித்துத் தீர்மானமாக்கினால், அது அதிகாரிகளும் புறக்கணிக்க முடியாத ஆவணமாகும்.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒழுங்காகக் கூடுதலும், எழுதி வைத்தலும், தொடர்ந்து செய்தலுமே வேண்டும். இம்மூன்றும் கூட்டுறவாளர்க்குப் பழகிய காரியங்கள். சிக்கனச் சேமிப்பில் காசு காசாகச் சேர்த்துப் பெருந்தொகை கண்டவர்கள் நாம். நீரையும் அவ்வாறே துளித்துளியாகச் சேமிக்க வேண்டும். ஒருவர் செய்யும் கெடுதல் அனைவர் கணக்கிலும் பற்று எழுதப்படும் என்பதையும் உணர வேண்டும்.

வேடந்தாங்கல் உழவர்கள் பெரும் படிப்பாளிகள் அல்லர். தம் ஏரியை உற்று நோக்கினர். அதனால் வரும் நன்மையை உணர்ந்தனர். ஊர்கூடி உறுதி பூண்டனர். அவ்வுறுதியைப் பேரப்பிள்ளைகளுக்கும் கையளித்தனர். இன்று அங்கு வரும் ஒவ்வொரு நாரையும் அவ்வுறுதியின் பயனே. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் நம் ஊர் ஓடையோரம் ஒருநாள் நடப்போமாக. தறியை விட்டு ஒருவர், ஏரை விட்டு ஒருவர் என இருசாராரும் உடன்வருக. அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ‘ஓடை’ என்ற ஒரு சொல் இடம்பெறுமாயின், இக்கட்டுரை எழுதியதன் பயன் கைகூடியதாகும்.